உளவியல் துறையின் ஆண்டறிக்கையில் இல்லாத வரிகள்

ஓர் உளவியல் துறையின் ஆண்டறிக்கையைப் புரட்டுபவர் வாசிப்பது பெரும்பாலும் ஒரு நாட்காட்டியைத்தான். செப்டம்பர் 10, உலகத் தற்கொலைத் தடுப்பு நாள்: சுவரொட்டிப் போட்டி, உறுதிமொழி ஏற்பு. அக்டோபர் 10, உலக மனநல நாள்: பேரணி, பேருந்து நிலையத்தில் ஃபிளாஷ் மாப். இடையிடையே இரண்டு இணையவழிக் கருத்தரங்குகள், ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம், ‘மன அழுத்த மேலாண்மை’ குறித்து ஒருநாள் பயிலரங்கு. ஒவ்வொன்றின் கீழும் ஒளிப்படம். குத்துவிளக்கு, பொன்னாடை, பதாகையின் பின்னால் வரிசையாக நிற்கும் மாணவியர். நாக் குழுவினர் சான்று கேட்பார்கள் என்பதால் ஒளிப்படத்தின் மூலையில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருக்கும். நிகழ்ச்சி எங்கே நடந்தது என்பது நொடிப் பாகை வரைக்கும் தெரிகிறது. யாருக்காக நடந்தது என்பது தெரிவதில்லை.

அந்த ஆண்டில் துறையின் முதுகலை மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் எத்தனை பேரிடம் உட்கார்ந்து பேசினார்கள், எந்த மொழியில் பேசினார்கள், அந்த உரையாடல்களை யார் அவர்களோடு மறுபடி அலசினார்கள், பேச வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள் என்ற விவரங்கள் அறிக்கையில் இருப்பது அரிது. அறிக்கைப் படிவம் அவற்றைக் கேட்பதில்லை. கேட்காததைத் துறையும் சொல்வதில்லை. காலப்போக்கில், சொல்லாததைச் செய்வதும் இல்லை என்றாகிவிட்டது. நிகழ்ச்சிகளை எண்ணுவதே துறையின் தொழிலாகிப்போன இந்த நிலை வெறும் நிர்வாகச் சலிப்பன்று. அது பயிற்சி பெறாத கைகளில் பட்டத்தைக் கொடுத்து அனுப்புகிறது.

காக்கநாட்டை எடுத்துக்கொள்ளலாம். எறணாகுளம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கே இருக்கிறது. 2004இல் தொடங்கிய இன்ஃபோபார்க் இங்கே இருக்கிறது. இந்தப் பகுதியைச் சுற்றிலும் உளவியல் பட்டம் தரும் கல்லூரிகளும் பல்கலைக்கழக வளாகங்களும் பெருகிவிட்டன. இரவுப் பணி முடித்து வாடகை அறைக்குத் திரும்பும் மென்பொருள் ஊழியர், அதே கட்டடத்தின் அடுத்த தளத்துக்குச் சாரம் கட்டும் வங்காளத் தொழிலாளி, அலுவலக உணவகத்தில் பாத்திரம் கழுவும் தேனி மாவட்டத்துப் பெண் ஆகிய மூவரும் ஒரே நிறுத்தத்தில் பேருந்துக்கு நிற்கிறார்கள். அந்தப் பேருந்திலேயே ஒரு மணி நேரம் மேற்கே போனால் மட்டாஞ்சேரி: மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்கனி, தமிழ் என்று தெருவுக்குத் தெரு வீட்டுமொழி மாறும் ஊர். அதை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியின் வெளி பகுதியில், டச்சுக்காரர் காலத்தில் படைச் சீருடை வெளுக்கக் கொண்டுவரப்பட்டவர்கள் என்று சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் இன்றும் தோபி கானாவில் துணி துவைக்கின்றன. உளவியல் ஆய்வாளர் ஒருவர் இதைவிட வளமான களத்தைத் தேடி எந்த நாட்டுக்கும் போக வேண்டியதில்லை.

ஆனால் ஆய்வு எங்கே நடக்கிறது? கூகுள் படிவத்தில். வகுப்புத் தோழர்களின் வாட்ஸாப் குழுவில் படிவம் சுற்றுகிறது, இருபது வயது நிரம்பிய, ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த, பெரும்பாலும் அதே துறையில் படிக்கும் நூற்றைம்பது பேர் அதை நிரப்புகிறார்கள், ‘இளையோரிடையே’ என்று தலைப்பில் ஒரு சொல் சேர்கிறது, ஆய்வேடு முடிகிறது. முன்னணி அமெரிக்க உளவியல் இதழ்கள் சிலவற்றை ஆராய்ந்த ஜெஃப்ரி ஆர்னெட், அவற்றில் ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 96 விழுக்காட்டினர் உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடு மட்டுமே வாழும் மேற்கத்தியத் தொழில்நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2008இல் காட்டினார். இந்திய உளவியல் துறைகளின் கருத்தரங்குகளில் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டாத பேச்சாளர் குறைவு. மேற்கோள் காட்டிவிட்டு மதிய உணவுக்குப் பின் அவர்களே கையெழுத்திடும் ஆய்வேடுகளில், அமெரிக்கக் கல்லூரி மாணவரின் இடத்தில் இந்தியக் கல்லூரி மாணவர் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான் மாற்றம்.

மொழியில் இந்தக் குறை எப்படிக் காயமாகிறது என்பதற்கு இரண்டு சொற்கள் போதும். மலையாளத்தில் ‘விஷமம்’ என்றால் வருத்தம், மனவேதனை. தமிழில் விஷமம் என்றால் குறும்பு, சில வேளைகளில் கெட்ட எண்ணம். மலையாளத்தில் ‘சங்கடம்’ துயரம்; தமிழில் அது கூச்சத்துக்கும் இக்கட்டுக்கும் நடுவே எங்கேயோ நிற்பது. தோபி கானாவில் துவைக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணிடம், அவருக்கு மலையாளம் தெரியும்தானே என்று எண்ணி, மலையாள வினாநிரலோடு ஒரு மாணவி போய் அமர்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெண்ணுக்கு மலையாளம் தெரியும். கடையில் விலை பேசத் தெரியும், பள்ளி ஆசிரியரிடம் பேசத் தெரியும். நள்ளிரவில் தூக்கம் வராமல் கிடக்கும்போது மனம் எந்த மொழியில் புலம்புகிறது என்பது வேறு கேள்வி. வினாநிரலைத் தமிழாக்கினால் தீருமா என்றால் அதுவும் இல்லை. ‘துக்கம்’ என்ற சொல்லை அச்சிட்டால் தமிழர் பலரின் மனம் சாவு வீட்டுக்குப் போய்விடும். யார் போய்விட்டார் என்று திருப்பிக் கேட்பார்கள். மனச்சோர்வு என்பது பாடநூல் சொல். மக்கள் சொல்வது ‘மனசு சரியில்லை’, ‘நெஞ்சு அடைக்குது’, ‘எதிலும் பிடிப்பில்லை’, ‘கைகால் ஓயுது’ என்பவை. இவற்றுள் எது எந்த அளவு துயரத்தைக் குறிக்கிறது, எது உடல் நோயைச் சொல்கிறது, எதைச் சொன்னால் உடனே பக்கத்தில் ஆள் வேண்டும் என்பதை அறிய உழைப்பு தேவை. மொழிபெயர்த்து, மறுமொழிபெயர்த்து, பேசுவோரிடம் கேட்டு, திருத்தி, மறுபடி கேட்டு நடக்கும் மூன்று நான்கு ஆண்டு வேலை அது. அந்த வேலைக்கு ஆண்டறிக்கையில் ஒளிப்படம் கிடையாது.

இதே காக்கநாட்டின் ஆட்சியர் அலுவலகம் 2017இல் ‘ரோஷ்ணி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. புலம்பெயர் தொழிலாளர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளிலிருந்து நின்றுபோவதைத் தடுப்பது நோக்கம். அப்பிள்ளைகளின் வீட்டுமொழி தெரிந்த தன்னார்வலர்களைப் பள்ளியில் அமர்த்தி, அந்த மொழியிலிருந்து மலையாளத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மெல்ல நடத்திச் செல்வது அதன் வழிமுறை. சில பள்ளிகளில் தொடங்கி மாவட்டத்தில் பரவியது. குழந்தை மொழி தெரியாமல் மௌனமாக இருக்கிறதா, அறிவு வளர்ச்சி பின்தங்கி மௌனமாக இருக்கிறதா, அச்சத்தால் மௌனமாக இருக்கிறதா என்பது கலப்படமற்ற உளவியல் கேள்வி. அந்தக் கேள்வியின் வாசலைத் திறந்தது வருவாய்த் துறையின் கோப்பு. துறைகள் வெட்கப்பட வேண்டிய இடம் இது.

மலையேறினால் கேள்வி இன்னும் கனக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு இடுக்கி மாவட்டம் பெட்டிமுடியில் மண் சரிந்து தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளை மூடியபோது மாண்டவர் 70 பேர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களின் பிள்ளைகளும். ஒரே குடும்பத்தில் பலரை இழந்து எஞ்சியவர்களிடம் ஆண்டுக்கணக்கில் தமிழில் பேசப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும் என்பது பேரிடர் நடந்த மறுநாள் கண்டுபிடிக்க வேண்டிய செய்தியா? அந்த மலைகளில் தலைமுறைகளாகத் தமிழ் பேசப்படுகிறது. கேரளத்தின் உளவியல் துறைகளில் தமிழ் தெரிந்த மாணவர் எவரும் சேராமலில்லை. அவரும் பயிற்சி நேர்காணலை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துத்தான் மதிப்பெண் பெறுகிறார்.

துறைகள் எப்போதும் இப்படித்தான் இருந்தன என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது. இந்தியாவின் முதல் உளவியல் துறை 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஹார்வர்டில் ஹ்யூகோ மூன்ஸ்டர்பர்கிடம் பயின்று திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா அதை நடத்தினார். அவருக்குப் பின் துறையை வழிநடத்திய கிரீந்திரசேகர் போஸ் மருத்துவரும்கூட. 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவியவர், ஃபிராய்டோடு கடிதங்களில் வாதிட்டவர் என்றெல்லாம் அவரைப் பாடநூல்கள் பாராட்டும். பாராட்டுக்குரிய வேறொன்று உண்டு. 1933இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில், இன்றைய ஆர்.ஜி. கர் மருத்துவமனையில், அவர் மனநோயாளிகளுக்கான புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். பொது மருத்துவமனைக்குள் அப்படியொரு கதவு திறந்தது இந்நாட்டில் அதுவே முதல் முறை. அவரைப் பொறுத்தவரை பல்கலைக்கழகத் துறைக்கும் நோயாளி வந்து உட்காரும் பலகைக்கும் இடையே நடந்து போகும் தூரம்தான்.

மைசூரின் கதை இன்னும் சுவையானது. 1924இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கிய எம்.வி. கோபாலசுவாமி, லண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்றவர். அவர் 1935இல் தம் வீட்டில் ஒரு சிறிய ஒலிபரப்புக் கருவியை வைத்து வானொலி நிலையம் நடத்தினார். ‘ஆகாசவாணி’ என்று அவர் வைத்த பெயர்தான் பின்னாளில் அகில இந்திய வானொலிக்கே பெயரானது. ஓர் உளவியல் பேராசிரியரின் துறைச் செயல்பாடு கன்னட வீடுகளுக்குள் போய்ப் பேசியது என்றால், அன்றைக்கு ‘விரிவாக்கப் பணி’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருந்தது என்று தெரிகிறது. அதைச் சான்றுபடுத்த எந்தக் குழுவும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை கருவியை அணைத்துவிட்டுப் படிவம் நிரப்பப் போயிருப்பார்.

1930களில் தார்வாடு வட்டாரத்துப் பிள்ளைகளிடம் பீனே சோதனையைக் கன்னடத்திலும் மராத்தியிலும் பொருத்திப் பார்த்தார் வி.வி. காமத். இந்தியக் குழந்தைகளின் அறிவுத்திறனை அளப்பது பற்றிய அவரது நூல் 1940இல் வந்தது. பீனே–காமத் சோதனை என்று பெயர்பெற்ற அந்தக் கருவி தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இன்றும் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கப்படுகிறது. காமத் செய்தது பெரும் பணி. பழி அவர்மேல் இல்லை. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் தார்வாட்டில் வாழ்ந்த பிள்ளைகளை அளவாக வைத்து இன்று திண்டுக்கல்லிலோ காக்கநாட்டிலோ ஒரு பிள்ளையை அளக்கும்போது, இடையில் வந்து போன எண்ணற்ற துறைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதே கேள்வி. ஒரு மக்கள்தொகையின் சராசரி மதிப்பெண் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 புள்ளி உயர்ந்து வந்ததை அமெரிக்கத் தரவுகளில் ஜேம்ஸ் ஃபிளின் காட்டியிருக்கிறார். வேகம் இடத்துக்கு இடம் மாறலாம். ஆனால் பழைய அளவுகோல் இன்றைய பிள்ளையின் மதிப்பெண்ணை மேலே தள்ளிக் காட்டும் வாய்ப்பு உளவியலின் முதல் பருவத்திலேயே கற்பிக்கப்படுவது. அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழுக்காகத் தாய் ஒருத்தி பிள்ளையை இடுப்பில் சுமந்து வருகிறாள். உதவித்தொகையும் சிறப்புப் பள்ளியும் பேருந்துச் சலுகையும் அந்தத் தாளில் தொங்குகின்றன. 70 என்ற கோட்டுக்கு இப்பாலா அப்பாலா என்பதைத் தார்வாட்டின் பழைய பிள்ளைகள் தீர்மானிக்கிறார்கள். இதைச் சரிசெய்ய ஒரு மாநிலத்தின் துறைகள் கூடி, மாணவர் படை ஒன்றைப் பள்ளிகளுக்கு அனுப்பி, புதிய அளவுகோலை உருவாக்கலாம். ஓராண்டின் முதுகலை ஆய்வேடுகள் அனைத்தும் கூகுள் படிவத்தை விட்டு இந்த ஒன்றுக்குத் திரும்பினாலே வேலையின் பெரும்பகுதி நடந்துவிடும். இதற்கு வேண்டியது பணத்தைவிடச் சம்மதம்.

இதற்கிடையே சட்டங்களும் ஆணைகளும் வேகமாக மாறிக்கொண்டிருக்கின்றன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளர் என்பதற்கு வகுத்த இலக்கணத்தில், இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பயிற்சியும் மேற்பார்வையிலான மருத்துவப் பணியும் மையமாக இருந்தன. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது; மருத்துவ உளவியலுக்கு 2025-26 வரை விலக்கு நீண்டது. 2025இல் அதே குழு, உளவியல் பாடத்தைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று ஆணையிட்டது. இணைமருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காரணமாகக் காட்டியது. நேரடிப் பயிற்சி இல்லாமல் இந்தப் பாடத்தைக் கற்பிக்க முடியாது என்ற வாதம் சரியானதே. ஆனால் அந்த அளவுகோல் தொலைநிலைக் கல்விக்கு மட்டும் ஏன்? இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் உளவியல் முதுகலையில் செய்முறையும் களப்பயிற்சியும் பாடத்திட்டத்திலேயே இருந்தன. வேலைக்குப் போய்க்கொண்டே படித்த பெண்களும் சிற்றூர்களில் இருந்தவர்களும் அந்த வாசலை இழந்தார்கள். வளாகத்துக்குள் பெரும் கட்டணம் வாங்கிக்கொண்டு, களப்பயிற்சி என்ற பெயரில் பதினைந்து நாள் மருத்துவமனை வராந்தாவில் நிற்கவைத்துச் சான்றிதழ் தரும் துறையை எந்த ஆணையும் தொடவில்லை. நேரில் நடந்தது என்பதே பயிற்சி நடந்தது என்பதற்குச் சான்றாகிவிட்டது.

தேவையோ கூடிக்கொண்டே போகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். அதே ஆண்டு தற்கொலை விகிதம் நாடு முழுவதிலும் ஒரு லட்சம் பேருக்கு 12.4, கேரளத்தில் 28.5. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 பேரோ அதற்கு மேலோ பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர் அல்லது உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று நெறி வகுத்தது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அந்தக் கணக்கில் வரும் பள்ளி கல்லூரிகளை எண்ணினால் எத்தனை ஆயிரம் நாற்காலிகள்! அவற்றில் உட்காரப்போகிறவர்கள் இன்று பேரணியில் பதாகை பிடித்து நிற்கும் மாணவர்களே. ‘சாகணும்போல இருக்கு’ என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை சொல்லும் நொடியில் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பதை அவர்கள் எங்கே பழகியிருப்பார்கள்?

துறைகளின் தரப்பில் மூன்று பதில்கள் வழக்கமாக வரும். விழிப்புணர்வு தேவையில்லையா என்பது முதலாவது. தேவைதான். விழிப்படைந்தவர் கதவைத் தட்டும்போது உள்ளே ஆள் இருந்தால் அது தேவை. தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதையும், பெரும்பாலான பாதிப்புகளில் பத்தில் ஏழு பேருக்கு மேல் சிகிச்சை கிட்டாமல் இருப்பதையும் கண்டது. இவர்கள் எல்லோரும் பேரணியைப் பார்க்காததால்தான் வரவில்லை என்று நம்புவது வசதியான நம்பிக்கை. உளவியல் ஓர் அறிவியல், துறை மருத்துவமனை அன்று என்பது இரண்டாவது பதில். நல்லது, அப்படியானால் அறிவியலாவது நடக்கட்டும். புதிய அளவுகோலும் இல்லை, புதிய கருவியும் இல்லை, களமும் இல்லை என்றால் அந்த அறிவியல் எங்கே ஒளிந்திருக்கிறது?

மூன்றாவது பதிலில்தான் உண்மை இருக்கிறது: ஆள் இல்லை. நிரந்தர ஆசிரியர் இருவர் அல்லது மூவர், மீதி கௌரவ விரிவுரையாளர்கள், கோடை விடுமுறையில் சம்பளமும் இல்லாதவர்கள். ஒரு மாணவரின் ஒரு மணி நேர நேர்காணலை ஒழுங்காக மேற்பார்வையிட ஆசிரியருக்கு ஏறக்குறைய இன்னொரு மணி நேரம் வேண்டும். அந்த நேரம் பணிச்சுமைக் கணக்கில் கற்பித்தலாக எண்ணப்படுவதில்லை. கருத்தரங்கு நடத்தினாலோ பதவி உயர்வுக்கான புள்ளி ஏறும். இந்த நிலையில் இளம் ஆசிரியர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று கேட்பதே கொடுமை. ஆனால் இதை உரத்துச் சொல்லும் பொறுப்பு துறைத் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழுக்களில் அமர்ந்திருக்கும் மூத்த பேராசிரியர்களுக்கும் உண்டு. அவர்கள் பதவிப் பாதுகாப்போடு இருப்பவர்கள். மாணவர் சேர்க்கையை ஆசிரியர் எண்ணிக்கைக்கு மேல் உயர்த்தக் கோப்பு வரும்போது கையெழுத்திடுகிறவர்களும் அவர்களே.

மென்பொருள் நிறுவனத்தோடு போடப்படும் ஒப்பந்தங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊழியரின் பணி நேரம் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு ஒளிப்படத்தோடு திரும்பும் துறை அந்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு இலவச உழைப்பு தருகிறது.

அடுத்த ஆண்டறிக்கையில் நாட்காட்டிக்கு முன்னால் சில வரிகள் அச்சாகட்டும். மேற்பார்வையில் நடந்த நேர்காணல்கள் எத்தனை, அவை எந்தெந்த மொழிகளில் நடந்தன, ஒவ்வோர் ஆசிரியரும் மேற்பார்வையிட்ட மாணவர் எத்தனை பேர், துறையின் வாசலில் பொதுமக்களுக்காக வாரத்தில் எத்தனை மணி நேரம் கதவு திறந்திருந்தது. எண்ணிக்கை சுழியமாக இருந்தால் சுழியம் என்றே அச்சாகட்டும். அதை அடுத்த துறைக் கூட்டத்தில் கேட்கும் உரிமை முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவருக்கு உண்டு. கட்டணம் செலுத்திய ரசீது அவரிடம் இருக்கிறது.